ரைட்டர் வீட்டில் தனியே: சேர்வராயன் மலை நாட்குறிப்பு

ஞாயிறு

விடுமுறை நாளில் ஏற்காட்டுப் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது, எனக்குக் கிடைத்தது. சேலத்தின் அஸ்தம்பட்டி, கோரிமேடு கடந்து, சேர்வராயன் மலை அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் சற்று நின்று கிளம்பினால், எண் எழுதிய பலகைகளோடு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மார்கழி பிறந்துவிட்டதால் பாதி மலையிலேயே சன்னல் கண்ணாடிகளை இழுத்துச் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் மடியிலிருந்த பையையும் காலடியில் கிடந்த மூட்டையையும் பார்த்துவிட்டு, எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். இரண்டு வளைவுகள் வரை பேசாமல் இருந்தவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்றார்.

சண்டை ஒன்றுமில்லை. பல ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, துறவறவியலையும் பட்டினத்தாரையும் மணிமேகலையையும் திரும்பத் திரும்பப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் பிறந்த வீடு, விடுதி, புகுந்த வீடு என்று வாழ்ந்ததில், ஓர் இரவுகூட ஒரு கூரையின்கீழ்த் தன்னந்தனியாகப் படுத்ததில்லை. ஊரையும் உறவையும் உதறிவிட்டுக் காட்டுக்குள் போனவர்கள் எதைத் தேடிப் போனார்கள், போன இடத்தில் யார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள், இரவில் அவர்களுக்குப் பயமாக இருந்ததா என்றெல்லாம் பாடநூல் கேட்பதில்லை; ஆகையால் நானும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்விகள் வேலையற்றுத் திரியும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டன. என் கணவர் தடுக்கவில்லை. ஆளில்லாத இடமாகத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றதும் கம்பளி, டார்ச், இருமல் மருந்து, முறுக்கு என்று எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

இவ்வளவு பெரிய மூட்டையோடு துறவைப் பற்றி யோசிக்கப் போகிறவளுக்குப் பத்திரகிரியார் கதை நினைவுக்கு வராமல் இருக்குமா? அரசைத் துறந்து பட்டினத்தாருக்குச் சீடரான அவர், திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாயிலில் இருந்தார். குரு இன்னொரு வாயிலில். பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், தம்மிடம் ஒன்றும் இல்லை என்றும், அந்த வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேள் என்றும் சொன்னாராம். அந்தச் சம்சாரியிடம் இருந்தவை ஒரு திருவோடும், மிஞ்சிய சோற்றுக்காக அவரையே சுற்றிவந்த ஒரு நாயும்தான். வெட்கி அவர் ஓட்டை வீசியெறிய, அது பட்டு நாய் செத்துப்போனதாகக் கதை முடிகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நாய்க்காக வருந்துவார்கள். கதையின் கருத்து அதுவன்று என்று நான் திருத்துவேன். இப்போது என் கண்ணில் படுவது வேறொன்று. துறவின் உச்சியில் நின்றதாக நாம் கொண்டாடும் அவ்விருவரும் உட்கார்ந்திருந்தது கோயில் வாசலில், ஊரிலேயே ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில்.

தங்குமிடம், என் பழைய மாணவர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் சிறிய காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. நாகலூர்ச் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் சற்று நடந்தால், முன்பு தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் குடியிருந்த ஓட்டு வீடு. ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. தொழிலாளர்களின் லைன் வீடுகள் சரிவுக்கு அப்பால் இருப்பதால் இங்கிருந்து பார்த்தால் தெரியாது. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. மண்பாதையின் மேட்டுக்கு ஏறி நின்றால்தான் கிடைக்கும். இதையும் அங்கே நின்றுதான் அனுப்புகிறேன்.

திங்கள்

இரவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். விளக்கை அணைத்தபின் ஓட்டின்மேல் சில்வர் ஓக் இலைகளும் சுள்ளிகளும் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் விழித்து, இது இலை, இது சுள்ளி என்று பெயர் சொல்லித் தூங்கினேன். நள்ளிரவுக்குப் பிறகு காலடி ஓசை கேட்டது. காட்டெருமை வந்தால் சருகு நசுங்கும் சத்தம் கனமாகக் கேட்கும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இது செருப்புக் கால். வீட்டைச் சுற்றி வந்து, சற்று நின்று, போய்விட்டது. காட்டில் தனியாகப் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு விலங்கின் காலடியைவிட மனிதனின் காலடியே நெஞ்சை அடைக்கிறது. நான் படித்தும் படிப்பித்தும் வந்த துறவுப் பாடல்களில் பாம்பு உண்டு, புலி உண்டு, பசி உண்டு, பெண்ணைப் பற்றிய அச்சம் வேண்டிய அளவுக்குமேல் உண்டு. இந்த அச்சம் மட்டும் எங்கும் இல்லை.

காலையில் தண்ணீர் பிடிக்க வந்த முதியவர் தாமாகவே விஷயத்தைச் சொன்னார். அறுவடைக் காலத்தில் மரத்திலேயே பழம் திருடு போகும் என்பதால் இரவுக் காவலுக்கு அவரை வைத்திருக்கிறார்கள். "தம்பி சொல்லியிருக்காருங்க டீச்சர், ராத்திரிக்கு ரெண்டு வாட்டி உங்க பக்கம் ஒரு பார்வை பாத்துக்கச் சொல்லி. கூப்பிட்டா பயந்துக்குவீங்கன்னுதான் பேசாம போயிட்டேன்." அவருக்கு நன்றி சொன்னேன். நாம் தேடி வந்த தனிமைக்கு நமக்குத் தெரியாமலே ஒருவர் காவலிருந்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது மட்டும் நெடுநேரம் விளங்கவில்லை.

பகலில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். கீழே இடுப்பளவும் தலையளவுமாகக் காப்பிச் செடிகள். மேலே நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும். அவற்றின்மேல் மிளகுக் கொடி. பசுமை அடர்ந்து ஒளி வடிந்து வரும் இந்த இடத்தைக் காடு என்று சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் காப்பி எத்தியோப்பியாவிலிருந்து உலகைச் சுற்றி வந்த செடி. சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் கொண்டுவந்தது. சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். இருநூறு ஆண்டுகளாக யாரோ வெட்டி, நட்டு, கவாத்து செய்து, மழையில் நனைந்து உண்டாக்கிய இடத்தில்தான் மனிதர் கைபடாத தனிமையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உழைக்கும் கை இப்போதும் தோட்டத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பழம் எடுக்கிறார்கள். அரபிகா வகைக் காப்பி ஒரே சமயத்தில் பழுப்பதில்லை; ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும், சிவந்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும். அதனால் அதே செடிக்கு அவர்கள் பலமுறை திரும்பி வருகிறார்கள். மாலையில் எடை போட்டுக் கூலி. அன்றன்றைக்கு எடுத்ததை அன்றே தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் பழம் புளித்துக் கெட்டுவிடும். இவ்வளவு அவசரம் நிறைந்த இடத்தின் நடுவே நான் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பதே சுகம் என்று பாடியவர்களை நான் மதிக்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் சும்மா இருப்பது அவ்வளவு எளிதன்று.

செவ்வாய்

நாள் முழுதும் பனிமூட்டம். முற்றத்து எலுமிச்சை மரம்கூடத் தெரியவில்லை. பழம் எடுப்பவர்களின் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல், பிறகு அதுவும் நின்றுவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் ஏதோ ஒரு பொழுது, மனத்துக்குள் ஓயாமல் நடக்கும் பேச்சு இல்லாதிருந்தது. அது நின்றதைக் கவனித்ததுமே மீண்டும் தொடங்கிவிட்டது. இதற்காகத்தான் மலை ஏறினார்கள் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

புதன்

வானம் தெளிந்துவிட்டதால் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தேன். ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மரங்கள் குறைந்து புல்வெளியாக விரியும் மேட்டில் கோயில் இருக்கிறது. இந்த மேட்டு நிலத்தின் அடியில் பாக்சைட் உண்டு. நெடுங்காலம் வெட்டியெடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். உலகின் விளிம்பு என்று தோன்றும் இந்த இடத்திலிருந்து போன மண், எந்தெந்த வீட்டுச் சமையலறையில் பாத்திரமாக இருக்கிறதோ. கோயில் என்பது ஒரு குகைதான். நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஈரமும் கற்பூர மணமும். மலை உச்சியில், குகைக்குள், ஒற்றைத் தெய்வம் தவமிருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே இருவர் காட்சி தருகிறார்கள்: சேர்வராயனும் காவேரியம்மனும்.

மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் சுற்றுமுற்றும் உள்ள ஊர்களிலிருந்தெல்லாம் இங்கே திரள்வார்கள். கேரளத்தாரைக் குறிக்கும் பெயர் என்று வெளியூரார் குழம்புவது வழக்கம். இவர்கள் சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும் பழங்குடியினர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் புறப்பட்டு வந்ததாக அவர்களிடையே ஒரு வாய்மொழி வழக்கு உண்டு. கோயிலடியில் கொய்யாவும் மிளகும் விற்றுக்கொண்டிருந்த பெரியவரும் அதையே சொன்னார். அவர்கள் ஏன் கீழ்நாட்டை விட்டு வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பட்டது இதுதான்: சமவெளியின் அரசையும் வரியையும் சண்டையையும் விட்டு மலையேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாக ஏறவில்லை. பிள்ளை குட்டிகளோடும் விதைச் சாமையோடும் கும்பிடு தெய்வத்தோடும் ஏறி, மேலே வந்ததும் ஊர் கட்டி, ஊருக்கொரு தலைவராகக் கவுண்டரையும் வைத்துக்கொண்டார்கள். தனியாக வந்தவனைப் பற்றி நாம் பாட்டெழுதுகிறோம். கூட்டமாக வந்தவர்களின் பிள்ளைகளிடம் கொய்யாப்பழம் பேரம் பேசுகிறோம்.

பாட்டு என்றதும், புல்வெளியில் உட்கார்ந்து நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தது புறநானூற்றின் 252ஆம் பாட்டு. பாடியவர் மாற்பித்தியார். அருவி நீரில் ஆடி ஆடி நிறம் மாறி, தில்லை மரத்தின் தளிர்போல் ஆகிவிட்ட சடையோடு ஒருவன் தாளி இலை கொய்துகொண்டிருக்கிறான். இவன்தான் முன்பு வீட்டுப் பெண் மயில்களைச் சொல்லாகிய வலையில் பிணித்த வேட்டுவன். அவ்வளவுதான் பாட்டு. அவன் ஏன் துறந்தான் என்று ஒரு சொல் கிடையாது, இப்போது அவனுக்கு நிம்மதி கிடைத்ததா என்றும் கிடையாது. பலமுறை இதைப் பாடம் நடத்தியிருந்தும் இன்றுதான் ஒன்று உறைத்தது. பாட்டில் பேசுகிறவன் அந்தத் துறவி அல்லன். அவனை முன்பும் அறிந்த, இப்போதும் காணும் ஒருவர் பேசுகிறார். அந்தக் கண் அங்கே இல்லாதிருந்தால் தாளி கொய்தவன் தாளி கொய்துகொண்டே போயிருப்பான், நமக்கு அவன் இல்லை. காட்டில் ஒருவன் தனியாக வாழ்ந்தான் என்று நமக்குத் தெரிந்த ஒவ்வொரு கதைக்கும் இப்படி ஒரு சாட்சி இருக்கிறார். சாட்சியே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நான் எழுத முடியாது.

இரவில் மேட்டுக்கு ஏறி நின்று இதை அனுப்பும்போது என் வேலையும் அதுவாகத்தான் இருக்கிறது. நானே துறவி, நானே சாட்சி. கொஞ்சம் போலித்தனம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனாலும் அனுப்புகிறேன்.

வியாழன்

இன்று யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, காவல்காரப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். பேசாமல் இருப்பதைப் பற்றிப் பேசித்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. நண்பகலுக்குள் தெரிந்துவிட்டது: வாய்தான் மூடியிருந்தது. ஒரு சிலந்தி வலையைப் பார்த்தாலும், கஞ்சி அடிப்பிடித்தாலும், அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் என் கணவரிடம். சில சமயம் இறந்துபோன என் அம்மாவிடம்.

இப்படித் தனியே போனவர்களில் நம் காலத்தில் அதிகம் பேசப்படுபவர் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்க இளைஞர். படித்து முடித்ததும் சேமிப்பைக் கொடையாகக் கொடுத்துவிட்டு, வீட்டாருக்கு முகவரி தராமல் ஊர் ஊராகத் திரிந்து, 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் காட்டுக்குள் நடந்துபோனார். அங்கே கைவிடப்பட்ட ஒரு பழைய பேருந்தில் தங்கி, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தார். ஜூலையில் திரும்பி வர முயன்றபோது, ஏப்ரலில் எளிதாகக் கடந்த டெக்லனிகா ஆறு பனி உருகிப் பெருகி ஓடியது, பேருந்துக்கே திரும்பிவிட்டார். ஆகஸ்டில் இறந்தார், பட்டினியால். வயது 24. கீழ்ப்போக்கில் சற்றுத் தொலைவிலேயே ஆற்றின் குறுக்கே கையால் இழுத்துக் கடக்கும் கம்பிக் கூடை ஒன்று இருந்தது. அவரிடம் அதைக் காட்டும் வரைபடம் இல்லை. வரைபடம் இருக்கும் நாட்டில் வரைபடமில்லாமல் போவதுதான் அவர் விரும்பிய தனிமை என்பார்கள். அவரைத் தேடி யாத்திரைபோல் போனவர்களும் அந்த ஆற்றில் சிக்கத் தொடங்கியதால், 2020இல் அந்தப் பேருந்தையே ஹெலிகாப்டரில் தூக்கி அப்புறப்படுத்திவிட்டார்கள்.

அந்த இளைஞரை முட்டாள் என்று திட்டுகிறவர்களும் ஞானி என்று கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. நான் திரும்பத் திரும்ப எண்ணுவது அவர் காலில் இருந்த ரப்பர் பூட்ஸைத்தான். காட்டின் வாசல்வரை தம் வண்டியில் ஏற்றிச் சென்ற ஒருவர், இந்தப் பிள்ளை இப்படிப் போகிறானே என்று பொறுக்காமல் கொடுத்தது. தம் மதிய உணவையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பேருந்தும் முன்பு சாலை போட வந்த தொழிலாளர்கள் தங்குவதற்காகக் கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. முன்பின் தெரியாதவர்களின் பூட்ஸும் கூரையும் இருந்தவரை அவர் தனியாக இருந்தார். அடுத்தவர் கட்டிவைத்த கம்பிக் கூடை கண்ணில் படாத இடத்தில் அந்தத் தனிமை முடிந்துபோயிற்று.

நம் பக்கத்தில் இந்த ஏற்பாடு ஒளிவுமறைவில்லாமல் நடந்திருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த 16 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, பாதாள லிங்கத்தின் இருட்டில் உடல் நினைவில்லாமல் இருந்தபோது, பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியிருந்தன. வெளியே தூக்கி வந்தவர்கள் மற்றவர்கள். வாயில் உணவு வைத்தவர்கள் மற்றவர்கள். 1899 முதல் 1916 வரை அவர் விரூபாட்சி குகையில் இருந்த காலத்தில், மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த கிழவி ஒருத்தி உண்டு. கீரைப்பாட்டி என்ற பெயர்தான் இன்றும் வழங்குகிறது, இயற்பெயரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. பிறகு அவருடைய தாயாரே வந்து சேர்ந்தார், அடுப்பு மூண்டது. இதனால் அவருடைய துறவு குறைந்துவிட்டது என்று எந்தத் தமிழரும் சொன்னதில்லை. குகையில் இருப்பவர் ஒரு வேலை செய்கிறார், கீரை கொண்டுவருபவர் ஒரு வேலை செய்கிறார் என்பதே இங்குள்ள கணக்கு.

வள்ளுவர் இந்தக் கணக்கைச் சற்றே குறும்போடு எழுதிவைத்திருக்கிறார். தவத்தைப் பற்றிய அதிகாரத்தில் 263ஆம் குறள்: "துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி மறந்தார்கொல் மற்றை யவர்கள் தவம்." துறந்தவர்களுக்கு உணவும் பிறவும் தர வேண்டுமே என்றுதான் மற்றவர்கள் தவம் செய்வதை மறந்துவிட்டார்களோ? இல்லறத்தாரின் பெருமை பேசும் குறள் என்று உரை சொல்லி நான் மதிப்பெண் போட்டதுண்டு. இன்று எனக்கு அதில் ஒரு கேள்வி கேட்கிறது. எல்லாரும் மலையேறிவிட்டால் பூட்ஸ் கொடுக்க வண்டியோட்டி எங்கே, கீரை பறிக்கக் கிழவி எங்கே, இரவில் இரண்டு முறை என் வீட்டைச் சுற்றிவர அந்தப் பெரியவர் எங்கே? அவருக்கும் ஒரு குகையில் உட்கார ஆசை இருந்ததா என்று அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மாலையில் கேட்டுவிட்டேன், மௌனம் அதோடு போயிற்று. அவர் சிரித்து, இந்தக் காவல் வேலையே தனியாக உட்கார்வதுதானே என்றார். இருபது வருஷமாக இரவெல்லாம் மரத்தடியில் தனியாகத்தான் இருக்கிறாராம். அப்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டதற்கு, தூங்காமல் இருப்பதைப் பற்றித்தான் நினைப்பேன் என்றார்.

வெள்ளி

அரிசி தீர்ந்துவிட்டதால் ஊருக்குள் போனேன். ஏரிக்கரையில் படகுக்கு வரிசை நின்றது. கூட்டத்தைக் கண்டதும் எரிச்சல் வந்தது, சில நாள் தனியாக இருந்தவளுக்கு இவ்வளவு விரைவாக மேட்டிமை வந்துவிடுகிறது.

அந்தியில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து கீழே பார்த்தேன். சேலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நகரத்துக்கு அப்பால், கருத்த முதுகு காட்டிப் படுத்திருந்தது கஞ்சமலை. அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது, அமாவாசைக்கு நல்ல கூட்டம் வரும். மூப்பை நீக்கும் மூலிகையைத் தேடித் திருமூலர் தம் சீடரோடு அந்த மலைக்கு வந்தார் என்பது தலக்கதை. சமைத்துக்கொண்டிருந்த சீடர் கைக்குக் கிடைத்த குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கருத்துப்போயிற்று. குரு வந்தால் கோபிப்பாரே என்று அஞ்சிக் கருத்த சோற்றைத் தாமே தின்றுவிட்டார், தின்றதும் இளைஞராகிவிட்டார். அந்தக் குச்சிதான் தேடிவந்த மூலிகை. சித்தர் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காட்டில் மெய்ப்பொருள் தேடப் போன இருவரில் ஒருவர் உலை வைத்தாக வேண்டியிருந்தது. தேடிய பொருள் மலையெல்லாம் அலைந்தவர் கையில் சிக்காமல் அடுப்படியில் அகப்பட்டது. இப்படி ஒரு கதையைக் கட்டியவர் கட்டாயம் நெடுநாள் சமைத்தவராக இருக்க வேண்டும்.

சனி

காலையில் பழம் எடுக்கும் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து களியும் கீரையும் தின்றேன். ஒருத்தியின் கைக்குழந்தை சில்வர் ஓக் கிளையில் கட்டிய தூளியில் தூங்கியது. அது சிணுங்கினால் அவள் வரிசையை விட்டு வந்து, கையில் ஒட்டிய பழப்பிசினைச் சேலையில் துடைத்துவிட்டு, பால் கொடுத்து, மீண்டும் போவாள். குழந்தைக்கு அவள் போனது தெரியும். கொஞ்சம் அழுதுவிட்டுத் தானே தூங்கிவிடும்.

இந்த வாரம் முழுதும் எழுதத் தயங்கிய ஒன்றை அவளால்தான் எழுதுகிறேன். தமிழில் ஊரை விட்டுக் காட்டுக்குப் போன பெண் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் காரைக்கால் அம்மையார். கணவன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து பெண்குழந்தைக்கு இவர் பெயரையே வைத்து, நேரில் கண்டதும் காலில் விழுகிறான். அவனுக்காகத் தாங்கிய தசைப் பொதி இனி வேண்டாம், பேய் வடிவம் தா என்று இறைவனிடம் கேட்டுப் பெறுகிறார், புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அம்மையார். பக்தியின் உச்சம் என்று பாடம் நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குப் பிறகு எனக்கு அது வேறொரு விதமாகவும் விளங்குகிறது. பெண்ணுடலோடு ஒரு பெண் தனியாகக் காட்டில் இருக்க முடியாது. செருப்புக் காலடி வரும். தனியாக விடப்பட வேண்டுமானால் பார்த்தவர் அஞ்சி ஓடும் உடல் வேண்டும். பட்டினத்தார் கோவணத்தோடு கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மையார் எலும்புக்கூடாக வேண்டியிருந்தது.

பிறகு அவர் போய்ச் சேர்ந்த திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் அவர் கண்டதும் வெறுமையன்று. மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டு: பேய் ஒன்று தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, சீராக வளர்த்து, மேலே படிந்த புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறது, போன தாயைக் காணாமல் குட்டிப்பேய் அழுது அப்படியே உறங்கிவிடுகிறது. அத்தகைய புறங்காட்டில்தான் அப்பன் ஆடுகிறான் என்கிறார். தசையை உதறி, உறவை உதறி, மனிதர் அண்டாத இடத்துக்குப் போன ஒருவர் அங்கே கண்ணெடுத்துப் பார்த்து எழுதியது, ஒரு தாய் பிள்ளையின் மேல் படிந்த தூசியைத் துடைப்பதை. உலகத்துத் துறவு இலக்கியம் அனைத்தையும் நான் படித்ததில்லை. ஆனால் இந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு எதனோடும் வாதிடுவேன்.

இதைக் களி தின்றபடியே அந்தப் பெண்களுக்குச் சொன்னேன். மற்றவர்கள் பேய் என்றதும் சிரித்தார்கள். தூளிக்காரி மட்டும், "அது பேயாப் போயும் புள்ள வளக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கேள்வியும் கேட்டாள்: பால் கொடுத்துவிட்டு அந்தத் தாய்ப்பேய் எங்கே போயிற்று? பாட்டில் அது இல்லை. எடை போடும் நேரத்துக்குள் சாக்கை நிரப்ப வேண்டுமே, அப்படி ஏதாவது இருந்திருக்கும் என்று அவளே விடையும் சொன்னாள். உரையாசிரியர் எவரும் இந்த இடத்தில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

நாளை கீழே இறங்குகிறேன். சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனியில் முதல் மழைக்குப் பிறகு காப்பி பூக்கும், அப்போது மறுபடி வரலாம் என்று மாணவர் சொல்கிறார். வருவேன், மாலையில் அந்த மேட்டுக்கு ஏறாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கவாவது வருவேன். அதற்கு முன் திருவாலங்காட்டைப் பார்த்துவிட வேண்டும். அரக்கோணம் வரை ரயிலில் போய், அங்கிருந்து சென்னைப் பக்கம் போகும் புறநகர் ரயிலில் ஏறினால் போதும்; அம்மையாரின் ஆலங்காட்டுக்கு இப்போது ரயில் நிலையமே இருக்கிறது.